இன்னும் போதாது

பேர்பெச்சுவாவின் வாயில் எப்போதும் வேறு யாருடைய பிள்ளையாவது இருக்கும். தோழி பிறின்சியின் மகன் வயலின் பழகுகிறான். மூன்றாம் மாடித் துருக்கிக் குடும்பத்துப் பெட்டை மருத்துவம் படிக்கப் போகிறாள். தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்கும் பொடியன் எவ்வளவு தெளிவாக வாசிக்கிறான், அதுவும் இங்கே பிறந்த பிள்ளை. இவர்கள் எல்லாரும் காலையில் பாணோடும் தேநீரோடும் மகள் ஆரணியின் முன்னால் கொண்டுவந்து வைக்கப்படுவார்கள். ஆரணிக்குப் பதினாறு வயது நடக்கிறது. ஹம்பேர்க்கில் உள்ள பிள்ளைகளின் பெருமை முழுவதையும் விழுங்கிவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடம் போகவேண்டும்.

இதற்காகப் பேர்பெச்சுவாவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்தவர் பிள்ளையைக் காட்டித் தன் பிள்ளையைத் தட்டியெழுப்பாத தமிழ்த் தாய் ஒருத்தி இருந்தால் அவளுக்குக் கோயிலே கட்டலாம். தவிர, பேர்பெச்சுவாவிடம் ஒரு காரணமும் இருந்தது. மன்னாரில் அவள் படிப்பில் சூரி. உயர்தரப் பரீட்சை நெருங்கிய நேரத்தில் ஷெல் விழத் தொடங்கியது; பரீட்சை எழுதவேண்டிய மண்டபத்தில் இடம்பெயர்ந்த சனம் பாய் விரித்துப் படுத்தது. பிறகு அல்பேர்ட்டுக்குக் கழுத்தை நீட்டி ஜெர்மனிக்கு வந்தாள். அவன் துறைமுகத்தில் வேலை செய்ய, இவள் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தாள். முப்பது வயது தாண்டிய பிறகு, இருபது வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து, முதியோரைப் பராமரிக்கும் தொழிலுக்கான அவுஸ்பில்டுங் என்கிற மூன்று வருடத் தொழிற்பயிற்சியைப் படித்து முடித்தாள். இன்றைக்கு ஒரு முதியோர் இல்லத்தில் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு வேலை பழக்குகிறவளே அவள்தான்.

ஆனாலும் மனசில் ஒரு முள் கிடந்தது. ஆரணி நாலாம் வகுப்பில் இருந்தபோது ஆசிரியை இவர்களைக் கூப்பிட்டார். நல்ல பிள்ளை, சந்தோசமான பிள்ளை, ஆனால் கிம்னாசியம் அவளுக்குப் பாரமாக இருக்கும் என்றார். ஜெர்மனியில் பத்து வயதிலேயே பாதை பிரிந்துவிடும். கிம்னாசியம் போனால் பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி. மற்றப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் சுற்றுவழி. பேர்பெச்சுவாவும் அல்பேர்ட்டும் டீச்சர் சொன்னால் சொன்னதுதான் என்று வளர்ந்தவர்கள். நன்றி சொல்லி, கைகொடுத்து, கொண்டுபோன கேக்கையும் கொடுத்துவிட்டு வந்தார்கள். அது வெறும் ஆலோசனைதான், பெற்றோர் விரும்பினால் மாட்டோம் என்று சொல்லலாம் என்பதைப் பிறின்சி சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். அதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது.

"வாய் திறந்து ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே," என்று பேர்பெச்சுவா இன்றுவரைக்கும் சொல்வாள். யாரைப் பார்த்துச் சொல்கிறாள் என்று தெரியாது. அல்பேர்ட் அது தனக்குத்தான் என்று எடுத்துக்கொள்வான்.

சுற்றுவழியிலும் ஒரு கதவு இருந்தது. பத்தாம் வகுப்பு முடிவில் பரீட்சை வரும். அதில் தேவையான அளவு எடுத்தால் ஒபர்ஷ்டூஃப என்கிற மேல்வகுப்புக்குப் போகலாம். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் அபிட்டூர்ப் பரீட்சை எழுதலாம். ஆரணிக்கு மொழிப்பாடங்கள் வந்தன. கணக்குத்தான் காலை வாரியது. ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் ஒன்று என்றால் உச்சம், ஆறு என்றால் அதலபாதாளம். ஆரணி கணக்கில் ஐந்தில் நின்றாள். அந்த ஐந்து அப்படியே கிடந்தால் கதவு சாத்தப்படும்.

இந்த நேரத்தில்தான் யேரின் வந்து சேர்ந்தாள்.

தென்கொரியாவில் தேகு என்ற நகரத்துப் பெண். அம்மாவும் அப்பாவும் சந்தையில் சமைத்த கறிவகைகள் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார்கள். மகளை மருத்துவராக்கிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையை அவள் மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும் மருத்துவத்துக்குப் புள்ளி போதவில்லை. முன்னொரு காலத்தில் ஜெர்மனிக்கு நேர்ஸாக வந்த பெரியத்தை ஒருவர், இங்கே வந்து பராமரிப்புத் தொழில் படி என்று கூப்பிட்டாராம். வந்த முதல் நாள் அவள் பேர்பெச்சுவாவுக்கு முன்னால் இடுப்பு வளைந்து வணக்கம் சொன்னாள். இருபது வருடத்தில் ஜெர்மனியில் இவளை அப்படி யாரும் வணங்கியதில்லை. பேர்பெச்சுவாவுக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துப்போயிற்று.

பிடிக்காமல் என்ன செய்யும்? யேரினுக்கு எதையும் இரண்டாம் தரம் சொல்லவேண்டியதில்லை. மருந்துகளின் பெயர்களையும் பக்கவிளைவுகளையும் ஒரு வார இறுதியில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். மற்றப் பயிலுநர்கள் வேலை முடிய உடுப்பு மாற்றிக்கொண்டு பறப்பார்கள். இவள் நின்று ஊழியர் அறை மேசையைத் துடைத்து, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போவாள்.

"நீ ஏன் துடைக்கிறாய்? துப்புரவுக்கு ஆள் வருமே," என்று பேர்பெச்சுவா ஒருநாள் கேட்டாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஜெர்மன்மொழி ஒன்றுதான். இரண்டு பேரும் அதை வேறு வேறு விதமாக உடைத்துப் பேசினார்கள்.

"எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்பறையை நாங்கள்தான் கூட்டுவோம்," என்றாள் யேரின். "டாக்டரின் மகளும் கூட்டவேண்டும். கடைக்காரியின் மகளும் கூட்டவேண்டும். இருந்த இடத்தை அழுக்காக விட்டுவிட்டுப் போக எனக்குத் தெரியாது."

அன்று மாலை ஆரணியின் அறைக்குள் காலுறைகளும் சிப்ஸ் பைகளும் கிடந்த கிடையைப் பார்த்ததும் பேர்பெச்சுவாவுக்குப் பேச்சு பொங்கியது. அன்றிலிருந்து பிறின்சியின் மகனும் துருக்கிப் பெட்டையும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். மேசைக்கு யேரின் மட்டும்தான் வந்தாள். யேரின் இப்படி, யேரின் அப்படி.

"அப்ப அவவையே பிள்ளையா எடுங்கோவன்," என்றாள் ஆரணி, வாயில் பாணோடு.

"எடுப்பன், ஏன் எடுக்க மாட்டன்? நீ பொறுத்திருந்து பார்," என்றாள் பேர்பெச்சுவா. பிள்ளையாக எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். சாப்பாட்டுக்கு முன்னால் ஆரணிக்குக் கொஞ்சம் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்றும் கேட்டாள். மூத்தவர் ஒருவர் கேட்டால் முடியாது என்று சொல்லி யேரினுக்குப் பழக்கமில்லை.

முதல் ஞாயிறு ஆரணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். அம்மா இவ்வளவு நாளும் தன் தலையில் அடித்த கோல் இதுதானா என்று பார்க்கிற பார்வை. யேரின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பின்னத்தில் இருந்து தொடங்கினாள், ஆறாம் வகுப்புக் கணக்கு. ஆரணி இரண்டு கணக்குச் செய்தாள், மூன்றாவதில் பேனையைப் போட்டாள்.

"எனக்குக் கணக்கு வராது," என்றாள். "நாலாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள்."

யேரினுக்கு உண்மையிலேயே அது விளங்கவில்லை. "வராது என்றால் என்ன? உயரம் வராது என்று சொல்லலாம். கணக்கு எப்படி வராமல் இருக்கும்? எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு இது வராது என்று எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார். இன்னும் போதாது என்றுதான் சொல்வார்."

அடுப்படியில் பாரை மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த பேர்பெச்சுவாவின் கை நின்றுபோயிற்று. ஆறு வருடமாக இந்த நாட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லமாட்டார்களா என்று அவள் காத்திருந்தாள். சொன்னது ஆசிரியையும் அல்ல, அதிகாரியும் அல்ல. மூன்று முறை பரீட்சையில் தவறிய ஒரு கொரியப் பெட்டை. பேர்பெச்சுவா சட்டென்று இன்னொரு துண்டு மீனை எடுத்து யேரினுடைய பங்குக்கு ஒதுக்கி வைத்தாள்.

சாப்பிடும்போது சிரிப்பும் வந்தது. பரீட்சை நாளில் கொரியாவில் கடற்பாசிச் சூப் குடிக்கமாட்டார்களாம். அது வழுக்கும்; குடித்தால் பிள்ளையும் வழுக்கி விழும். ஒட்டுகிற இனிப்பைத்தான் கொடுப்பார்களாம், பிள்ளை போய்ப் பல்கலைக்கழகத்தில் ஒட்டிக்கொள்ளவேண்டும் என்று. ஆங்கிலம் கேட்டு விடை எழுதுகிற நேரத்தில் நாட்டுக்கு மேலே விமானம்கூடப் பறக்காதாம்.

"எங்கட ஊரில முட்டை குடுக்க மாட்டினம்," என்று பேர்பெச்சுவா தமிழில் தொடங்கி, பிறகு ஜெர்மனில் விளக்கினாள். "முட்டை சைபர் மாதிரி இருக்கும் அல்லவா."

யேரின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆரணியும் சிரித்தாள். அன்று அவர்கள் மூவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாய் இருந்தார்கள்.

சொன்னால் சொன்னதுதான், யேரின் படிப்பித்தால் படிப்பித்ததுதான். ஒரு கணக்கைப் பிழையாகச் செய்தால் அவள் கோபிக்கமாட்டாள். எந்த வரியில் பிழைத்தது என்று ஆரணியையே தேடவிடுவாள். தேடிக் கண்டுபிடித்தால் அதே மாதிரி இன்னும் ஐந்து கணக்கு. ஆரணிக்கு அது விளையாட்டாகப் பிடித்துப்போயிற்று. பிழைக்கும்போதெல்லாம் "ஐயோ, மொக்குக் கழுதை!" என்று தன் தலையில் தானே குட்டிச் சிரிப்பாள். கிறிஸ்மஸுக்கு முன்னர் ஐந்து நாலாயிற்று. ஜனவரி முடிய மூன்றாயிற்று. கணக்கு ஆசிரியர் தாளில் ஒரு ஆச்சரியக்குறி போட்டு அனுப்பியிருந்தார்.

பேர்பெச்சுவாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது அந்த ஆச்சரியக்குறியைப் பற்றிப் பிறின்சிக்கு இரண்டு தரம் சொன்னாள். நாயர் பிடித்த புலிவால் மாதிரி இனி விடவும் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். ஒருநாள் வேலையிடத்தில் யேரினைப் பிடித்து, நீ எப்படிப் படித்தாய், ஒரு நாளை எப்படி வகுத்தாய் என்று விபரமாகக் கேட்டாள்.

யேரின் சொன்னாள். காலையில் பள்ளிக்கூடம். அது முடிய ஓட்டமாய்த் தனியார் வகுப்பு. பத்து மணிக்கு அதைச் சட்டப்படி பூட்டவேண்டும். பூட்டிய பிறகு வாடகைக்கு எடுத்த படிப்பறை. வீட்டுக்கு வரும்போது அம்மா அப்பா நித்திரை. காலையில் வகுப்பில் பாதிப் பேர் மேசையில் தலை வைத்துத் தூங்குவார்கள். ஆசிரியர்கள் எழுப்பமாட்டார்கள், இரவு படித்த பிள்ளைகள் என்று அவர்களுக்குத் தெரியும். இதை எல்லாம் அவள் ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், பேருந்து நேரம் சொல்கிறவளைப் போலச் சொன்னாள். அந்தப் பிள்ளை தன் காயத்தைக் காட்டினாள். பேர்பெச்சுவா அதை மருந்துச் சீட்டு என்று நினைத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரமே ஆரணியின் நாள் மாறியது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கைபேசி அம்மாவின் அலுமாரிக்குள். செவ்வாயும் வெள்ளியும் இருந்த பட்மின்டன் நின்றது. சனிக்கிழமை தோழிகளோடு நகரத்துக்குப் போவது நின்றது. காலையில் ஐந்தரைக்கு எழுப்புதல் தொடங்கியது.

"பிள்ளை மெலிஞ்சுபோனாள் போல கிடக்கு," என்று அல்பேர்ட் மெல்லச் சொன்னான்.

"நீங்கள் சும்மா இருங்கோ. அண்டைக்கு டீச்சரிட்டையும் சும்மாதான் இருந்தனீங்கள்."

அல்பேர்ட் எழும்பித் தேநீர் போடப் போனான். ஆரணிகூட அதிகம் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் பேர்பெச்சுவாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. முதல் வாரம் கதவை அடித்துச் சாத்தினாள், இரண்டாம் வாரம் அழுதாள், பிறகு அடங்கிவிட்டாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று தாய் நினைத்தாள்.

மார்ச் மாதம் யேரினுக்குச் செய்முறைச் சோதனை வந்தது. தொழிற்பள்ளியில் இருந்து ஒரு ஆசிரியை வந்தார். பேர்பெச்சுவாவும் பக்கத்தில் நிற்க, யேரின், அந்த இல்லத்தில் வசிக்கும் பீட்டர்சன் அம்மாவை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, சக்கர நாற்காலியில் இருத்தவேண்டும். பீட்டர்சன் அம்மா ஒரு காலத்தில் மீன் ஏலக்கடையில் கணக்குப் பார்த்தவர். உடம்பு விழுந்தாலும் வாய் விழவில்லை. யேரின் எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்தாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். கழுவிய நேரம் முழுவதும் அந்த மனுசியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆசிரியை இரண்டு போட்டார். பேர்பெச்சுவாவும் தலையாட்டினாள். இரண்டு என்றால் 'நன்று'. பேர்பெச்சுவா தன்னுடைய படிப்பில் மூன்றுக்கு மேல் போனதில்லை; ஒன்று போடுகிற ஆசிரியைகளை ஹம்பேர்க்கில் விளக்கு வைத்துத் தேடவேண்டும்.

யேரின் நன்றி சொல்லி வளைந்து வணங்கிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் பீட்டர்சன் அம்மா பேர்பெச்சுவாவைக் கூப்பிட்டார். "அந்தக் கொரியப் பிள்ளையிடம் கொஞ்சம் சொல்லுங்கள். காலையில் ஒருத்தி வந்து என்னைக் கழுவினாள். பதினொரு மணிக்கு இவள் வந்து திரும்பவும் கழுவுகிறாள். நேற்றும் அப்படித்தான். நான் என்ன உருளைக்கிழங்கா?"

பேர்பெச்சுவா சிரித்துவிட்டாள். பிறகுதான் வேலை அட்டவணையைப் பார்த்தாள். அந்த இரண்டு நாளும் யேரினுக்கு விடுமுறை.

துவாய்களும் படுக்கை விரிப்புகளும் அடுக்கியிருக்கும் அறையில் யேரின் நின்றாள். அடுக்கியிருந்த துவாய்களைக் கலைத்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். ஏன் லீவு நாளில் வருகிறாய் என்று கேட்டதும், பிடிபட்டவள் மாதிரி முகம் சிவந்துபோயிற்று.

"இரண்டு," என்றாள்.

"இரண்டு நல்லது, பிள்ளை! இங்கே இரண்டுக்குப் பார்ட்டி வைப்பார்கள்."

"திரும்பச் சோதனை செய்ய ஒழுங்கு செய்வீர்களா?"

"தேறினவளுக்கு யார் திரும்பச் சோதனை வைப்பார்கள்?"

யேரின் துவாயின் ஓரத்தைச் சரிபார்த்தாள். பிறகு, இதுவரை பேசாத அளவுக்குப் பேசினாள். அவர்களுடைய ஊரில் ஒன்பது தரம். உனக்கு என்ன தெரியும் என்பதை வைத்துத் தரம் போடுவதில்லை. உனக்கு மேலே எத்தனை பேர் என்பதை வைத்துத்தான். எல்லாரும் நன்றாக எழுதினாலும் ஒருத்தி ஒன்பதில் இருக்கத்தான் வேண்டும். "எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு தோழி இருந்தாள். சின்ன வயதில் இருந்தே ஒன்றாகத்தான் வகுப்பறை கூட்டுவோம், ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். மேல்வகுப்பில் அவளுக்கு என்னைக் கண்டால் பயம். எனக்கு அவளைக் கண்டால் பயம். நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். ஆனால் அவள் ஒரு படி ஏறினால் நான் ஒரு படி இறங்கவேண்டும்."

பேர்பெச்சுவா ஒரு துவாயை எடுத்து மடித்தாள்.

"நல்ல ஆசிரியர்கள்," என்றாள் யேரின். "எங்களோடு இருட்டும்வரை இருப்பார்கள். யாரையும் கைவிடமாட்டார்கள். நீ இவ்வளவுதான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் போதும் என்றும் யாரும் சொல்லமாட்டார்கள். எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை, ஃபிராவ் பேர்பெச்சுவா. இங்கே எல்லாரும் வேலை முடியச் சந்தோசமாக வீட்டுக்குப் போகிறார்கள். நான் வீட்டுக்குப் போனால் பீட்டர்சன் அம்மாவின் முதுகு சரியாகத் துடைபட்டதா என்று நினைத்துக்கொண்டு கிடக்கிறேன்."

பேர்பெச்சுவா துவாயைக் கீழே வைத்தாள். அந்தப் பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நீ மூன்று தரம் தவறினாய் என்று யார் சொன்னது, மூன்று தரம் துணிந்து எழுதினாய் என்று சொல்லு. பீட்டர்சன் அம்மாவின் முதுகு தங்கமாக மின்னுகிறது, இனி அவவோடு நாலு கதை கதை, அதுதான் உனக்குக் குறைவு. நாளைக்கு இந்தப் பக்கம் வந்தால் காலை முறிப்பேன். இப்படி எல்லாம் சொன்னாள். யேரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பேர்பெச்சுவா அன்று வீட்டுக்குப் போகும்போது தான் ஒரு நல்ல காரியம் செய்ததாக நினைத்தாள். செய்ததும் நல்ல காரியம்தான். ஊரார் பிள்ளைக்கு இதமாகப் பேச யாருக்கும் வரும்.

ஆனால் பேருந்தில் இருந்தபோது அவளுக்கு ஐந்தரை மணியும் அலுமாரிக்குள் கிடந்த கைபேசியும் ஞாபகத்துக்கு வந்தன. அவள் ஒன்றும் மரக்கட்டை அல்ல. இறங்குகிற இடம் வரைக்கும் யோசித்தாள். இனி ஆரணி எது கொண்டு வந்தாலும் வாயைக் கட்டிக்கொள்வது, யாருடைய பேரையும் எடுப்பதில்லை, பாராட்டு ஒன்றுதான் என்று அந்தோனியாரை நினைத்து நேர்ந்துகொண்டாள். பட்மின்டனையும் திரும்ப விடலாம். பரீட்சைக்கு இன்னும் நாலைந்து வாரம் கிடக்கிறது, கணக்குத்தான் பிடிபட்டுவிட்டதே.

அந்த ஞாயிறு யேரின் வந்திருந்தாள். மேசையில் இடியப்பமும் சொதியும் இருந்தன. அல்பேர்ட் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தான். ஆரணி பள்ளிப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தாள். கணக்குச் சோதனை. மேலே சிவப்பு மையில் இரண்டு.

ஐந்தில் கிடந்த பிள்ளை. பேர்பெச்சுவா தாளைக் கையில் எடுத்தாள். அந்தோனியாருக்கு வைத்த நேர்த்தியை நினைத்துக்கொண்டாள். "என்ர செல்லம்!" என்று கத்திவிட்டு ஆரணியின் முகத்தைப் பிடித்துக் கொஞ்சினாள். "ரெண்டு! என்ர பிள்ளை ரெண்டு எடுத்திருக்கு! காணும் பிள்ளை, இது போதும். வெள்ளிக்கிழமை பட்மின்டனுக்குப் போ. நானே கொண்டுபோய் விடுறன்."

வேறு ஒரு பிள்ளையின் பேரும் அவள் வாயில் வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

ஆரணி சிரிக்கவில்லை. அம்மாவின் கையில் இருந்த தாளைப் பார்த்தபடி சொன்னாள். "மூண்டு பேர் ஒண்டு எடுத்திருக்கினம், அம்மா. நான் கேட்டுப் பாத்தனான். குறை நினையாதேங்கோ. அடுத்த முறை சரியா எடுப்பன்."

சொல்லிவிட்டு அவள் தட்டைத் தள்ளி வைத்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேசையின் மறுமுனைக்குப் போனாள். பிழைத்த கணக்கைத் திரும்பச் செய்யத் தொடங்கினாள். தலையில் குட்டவும் இல்லை, கழுதை என்று சொல்லவும் இல்லை. அல்பேர்ட் கையில் தட்டோடு நின்றான். யேரின் எழும்பி, தன் கோட்டை எடுத்தாள்.

"சாப்பிடாமல் எங்கே போகிறாய்?" என்று பேர்பெச்சுவா பின்னால் ஓடினாள். படியில் இறங்கி, பேருந்துத் தரிப்பு வரைக்கும் வீட்டுச் செருப்போடு போனாள். வெளியே ஹம்பேர்க்கின் வழக்கமான மழை தூறிக்கொண்டிருந்தது.

"நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை, யேரின். நீயே பார்த்தாய் அல்லவா? நல்லதுதானே சொன்னேன்."

"ஓம், நல்லதுதான் சொன்னீர்கள்," என்றாள் யேரின். இந்த வீட்டுக்கு வந்து பழகியதில் அவளுக்குத் தமிழில் அந்த 'ஓம்' மட்டும் ஒட்டியிருந்தது. "என் அம்மாவும் கடைசி வருடம் நல்லதுதான் சொன்னார். போதும், படு என்று பால் கொண்டுவந்து வைப்பார். நான் கேட்கவில்லை."

"இப்போது நான் என்ன செய்ய? நீ அவளிடம் சொல்லு. நீ சொன்னால் கேட்பாள்."

யேரின் முடியாது என்று தலையை ஆட்டினாள். மூத்தவர் ஒருவர் கேட்டு அவள் மாட்டேன் என்றது அதுதான் முதல் தடவை. "கணக்கு என்றால் நான் சொல்லிக்கொடுப்பேன். பரீட்சை வரைக்கும் வருவேன், அவள் கட்டாயம் தேறுவாள். ஆனால் அவளுக்குள் இப்போது போயிருக்கிறதே, அதை எப்படி வெளியே எடுப்பது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதலில் என்னிடம் இருந்து எடுத்திருப்பேன்."

பேருந்து வந்தது. யேரின் வளைந்து வணங்கிவிட்டு ஏறிப்போனாள். அடுத்த ஞாயிறு வரவேண்டாம் என்று பேர்பெச்சுவா சொல்லவில்லை. ஒபர்ஷ்டூஃப வேண்டாம் என்று அவளால் இன்னும் நினைக்க முடியவில்லை. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மாடிக்குத் திரும்பி வந்தபோது அல்பேர்ட் சொதியைத் திரும்பச் சூடாக்கிக்கொண்டிருந்தான். ஆரணி இருந்த இடத்திலேயே இருந்தாள். பேர்பெச்சுவா ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டு மகளுக்கு எதிரே போய் இருந்தாள்.

"ஆரணி, எழும்பு. சாப்பிட்டுட்டு ஏதும் படம் பாப்பம்."

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா," என்றாள் ஆரணி தலை நிமிராமல். "இந்தக் கணக்கை முடிச்சிட்டு வாறன்."

இந்த ஒரு பேச்சைப் பிள்ளையின் வாயில் இருந்து கேட்கவேண்டும் என்றுதான் பேர்பெச்சுவா இத்தனை வருடமும் தவம் கிடந்தாள். அது காதில் விழுந்ததும் அவளுக்கு அழுகை வந்தது.